அப்பச்சிக்கு வீட்டில் ஆக்சிஜன்: லிட்டரைக் கூட்டலாமா, கூடாதா?

வளவுவீட்டு மகள் · வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வயது 76. நாற்பது வருடம் சுருட்டும் சிகரெட்டும் பிடித்தவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று 2019-லேயே சொல்லிவிட்டார்கள். போன மாதம் சளி கட்டி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். அதில் நான்கு நாள் ஐசியூ. இப்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர், இரவுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப், நெபுலைசர் எல்லாம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் சென்னையிலிருந்து வந்து கூட இருக்கிறேன். தம்பி சிங்கப்பூரில்.

டிஸ்சார்ஜ் தாளில் “2 லிட்டர், 88 முதல் 92” என்று ஒரு வரி. அவ்வளவுதான், யாரும் விளக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் மீட்டரில் 89, 90 என்றுதான் காட்டுகிறது. தம்பி வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, “கொரோனா நேரத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார்களே, 5 லிட்டர் மெஷினை வைத்துக்கொண்டு எதற்கு 2-ல் ஓட்டுகிறீர்கள்” என்று சத்தம் போட்டான். அதைக் கேட்டு, உதவிக்கு இருக்கும் பெண் நேற்று இரவு 4-க்கு ஏற்றிவிட்டாள். 97 வந்தது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் அப்பச்சியை எழுப்ப முடியவில்லை. கூப்பிட்டால் ‘ம்’ என்கிறார், திரும்பக் கண்ணை மூடிக்கொள்கிறார். தலை வலிக்கிறது என்றார். காப்பி டம்ளரை நீட்டினால் கை உதறுகிறது. பத்து மணிக்கு ஏதோ தோன்றி 2-க்கு இறக்கினேன். மத்தியானம் தெளிந்தார். தம்பி இன்னும் “ஏத்து, ஏத்து” என்கிறான். யார் சொல்வது சரி?

ஓய்வுபெற்ற சிஸ்டர், காரைக்குடி · வெள்ளி, இரவு 10.48

ஆச்சி, மற்றதெல்லாம் அப்புறம். இந்த நிமிடம் அப்பச்சி எப்படி இருக்கிறார்? முழு வாக்கியமாகப் பேசுகிறாரா? உதடு என்ன நிறத்தில் இருக்கிறது? மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிச் சொல்லுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். எண்ணுவது அவருக்குத் தெரியவும் கூடாது, தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பாருங்கள்.

வளவுவீட்டு மகள் · வெள்ளி, இரவு 10.53

24. உதடு வழக்கம்போல்தான். பேசுகிறார். “யாருக்கு இந்நேரத்தில் கடுதாசி எழுதுகிறாய்” என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், காரைக்குடி · வெள்ளி, இரவு 11.30

நல்லது. 24 அவருக்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய எண்தான். இன்றிரவு 2-லேயே இருக்கட்டும், பைபாப்பை மறக்காமல் மாட்டுங்கள். நாளைக் காலையில் அந்த மதுரை டாக்டருக்குப் போன் செய்து நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், இன்று காலையிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்க வேண்டிய நிலை அது. தப்பித்தீர்கள்.

32 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் நான். பாதி வருடங்கள் ஆண்கள் வார்டில், இளைப்புக்காரர்கள் நடுவில். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் சொல்லும். உள்ளே சேர்கிற கரியமில வாயுவை அது சொல்லாது. அதைச் சொல்வது ஆள்தான். காலைத் தலைவலி, தூங்கி வழிவது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது, நீட்டிய கை இறக்கைபோல் அடித்துக்கொள்வது, உள்ளங்கை கதகதவென்று சிவந்திருப்பது, இவ்வளவும் அதன் பேச்சு. மீட்டரில் 97 அழகாக நின்றுகொண்டிருக்கும், ஆள் உள்ளே மூழ்கிக்கொண்டிருப்பார். நேற்று உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

நல்ல நுரையீரலுக்கு 94-க்கு மேல் வேண்டும், தம்பி சொன்னது அந்த வகையில் சரி. கொரோனாவில் வந்தவர்களில் பலருக்கு அதுவரை நுரையீரல் நன்றாக இருந்தது. அப்பச்சியின் உடம்பு பல வருடமாக 90-க்குப் பழகிய உடம்பு. அவருக்கு எழுதிக்கொடுத்த 88–92 மருந்துச் சீட்டு மாதிரி. 92-ஐத் தாண்டி நின்றால் அரை லிட்டர் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். சந்தோஷப்படக் கூடாது.

இன்னொன்று. இப்படி மயக்கம் வந்தால் பயந்துபோய் ஆக்சிஜனை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் அளவு முதலில் இருந்ததைவிடக் கீழே விழும். எழுதிக்கொடுத்த லிட்டருக்கு இறக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் முதல் வார்த்தையே “சிஓபிடி, 88 முதல் 92” என்று இருக்கட்டும். அவர்கள் அவசரத்தில் பெரிய மாஸ்க்கைப் போட்டு 10 லிட்டர் திறந்துவிட வாய்ப்பு உண்டு. அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.

கோட்டையூர் பேரன் · சனி, காலை 6.15

சிஸ்டர் சொல்வது எனக்குப் புரியவில்லை. ஆக்சிஜன் என்பது உயிர். அது எப்படிக் கூடுதலாகப் போய்க் கெடுக்கும்? எங்கள் ஐயாவுக்கு 2021-ல் 15 லிட்டர் வரை வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். இங்கே படிக்கிறவர்கள் பயந்துபோய் ஆக்சிஜனைக் குறைத்து வைத்து யாராவது செத்தால் யார் பொறுப்பு?

செவிலியர் ஆசிரியர், சிவகங்கை · சனி, காலை 7.40

நியாயமான கேள்விதான், கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்ப்போம். உங்கள் ஐயாவுக்குக் கொரோனா நிமோனியா. நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் ஏறவில்லை, அதனால் கொட்டிக் கொடுத்தார்கள். இவருக்குப் பிரச்சினை காற்று வெளியே போவதில். வியாதி வேறு, கணக்கும் வேறு.

நாங்கள் படித்த காலத்தில் ஒரு விளக்கம் சொல்வார்கள்: இவர்கள் மூளை ஆக்சிஜன் குறைவை வைத்துத்தான் மூச்சை ஓட்டுகிறது, ஆக்சிஜனைக் கொடுத்தால் மூச்சு விடுவதையே மறந்துவிடும் என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் பெரிய காரணம் அது இல்லை. கெட்டுப்போன நுரையீரல் பகுதிக்கு ரத்தத்தை அனுப்பாமல் உடம்பே அங்குள்ள குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். வறண்ட வயலுக்கு மடையை அடைத்துவிட்டு நல்ல வயலுக்குத் தண்ணீரைத் திருப்புகிற மாதிரி. ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் அந்த மடை திறந்துகொள்ளும். காற்றே புழங்காத பகுதிக்கு ரத்தம் போய், கரியமில வாயுவை இறக்கிவைக்காமல் அப்படியே திரும்பி வரும். இது போக, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏற்றும்போது தன்னிடம் இருக்கும் கரியமில வாயுவை ரத்தத்தில் உதறிவிடும். நல்ல நுரையீரல் என்றால் இரண்டு மூச்சு சேர்த்து இழுத்து அதை வெளியேற்றிவிடும். இவரால் முடியாது.

2010-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வைத்தே பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. மூச்சுத்திணறலோடு வந்த 405 பேர். ஒரு பகுதியினருக்குத் தாராளமாக ஆக்சிஜன், இன்னொரு பகுதியினருக்கு 88–92-க்கு அளந்து. தாராளமாகக் கொடுத்ததில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்ததில் 4 சதவீதம். சிஓபிடி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 9-க்கு 2. நான் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுத்தான் மாஸ்க்கைக் கையில் எடுப்பேன்.

கோட்டையூர் பேரன் · சனி, காலை 8.05

சரி. மடை உதாரணம் புரிந்தது. சிஸ்டரிடம் மன்னிப்பு.

காரைக்குடி டெக்னீஷியன் · சனி, காலை 9.30

நான் கான்சன்ட்ரேட்டர், பைபாப் பழுது பார்க்கிறவன். எண் இறங்கியதும் எல்லோரும் லிட்டரைத்தான் திருகுகிறீர்கள். முதலில் குழாயைப் பாருங்கள். பத்து வீட்டுக்குப் போனால் பாதியில் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். குழாய் கட்டில் காலுக்குக் கீழே நசுங்கியிருக்கும், அல்லது ஆக்சிஜனை ஈரப்படுத்துகிற தண்ணீர் பாட்டில் மூடி சரியாக மாட்டாமல் காற்று அங்கேயே கசிந்துகொண்டிருக்கும். மூக்கில் வைக்கும் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள், குமிழி வந்தால் காற்று வருகிறது. லிட்டரைப் பார்க்கும்போது குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்து, பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும்.

மெஷின் எங்கே வைத்திருக்கிறீர்கள்? நம் பக்கத்து வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி இருக்கிற உள்வீடுகளில் ஜன்னலே இருக்காது. அதற்குள் மெஷினையும் வைத்துக் கதவைச் சாத்தினால் அரை மணியில் சூடேறி அலறும். வெளியே வளவுப் பத்தியில், சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். சத்தமும் குறையும். வெளி வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர், இல்லை என்றால் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், தினமும் மாற்ற வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் இரண்டு மாதத்தில் பாட்டில் சுண்ணாம்புச் சட்டி ஆகிவிடும்.

கரண்ட் போனால் என்ன ஏற்பாடு?

வளவுவீட்டு மகள் · சனி, காலை 9.50

இன்வர்ட்டர் இருக்கிறது. ஒரு சின்ன சிலிண்டரும் வாங்கி வைத்திருக்கிறோம். திறந்து பார்த்ததில்லை.

காரைக்குடி டெக்னீஷியன் · சனி, காலை 10.10

திறந்து பார்க்காத சிலிண்டர் இல்லாத சிலிண்டர்தான். 5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வர்ட்டரில் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று இருந்தால், புதுசாகவே இருந்தாலும், மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. ஃபேனையும் டிவியையும் சேர்த்து ஓட்டினால் அதுவும் இல்லை. சைன் வேவ் இன்வர்ட்டரா என்று பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவில் கம்ப்ரெசர் சூடாகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துவார்கள் அல்லவா, அன்று சிலிண்டர்தான். பி டைப் சிலிண்டரில் நிறைய இருக்கும்போது சுமார் 1500 லிட்டர். 2 லிட்டரில் ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரம் வரும். கணக்குச் சரிதான். ஆனால் திறக்கிற சாவி வேண்டுமே? போன வருடம் ஒரு வீட்டில் நிறைந்த சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருட்டில் சாவியைத் தேடி அரை மணி போய்விட்டது. எனக்குப் போன் வந்து, நான் ஸ்பேனரோடு பைக்கில் போனேன்.

வால்வில் எண்ணெய் படக் கூடாது, கிரீஸ் படக் கூடாது. எண்ணெய்க் கையோடு திருகாதீர்கள். தீப்பிடிக்கும்.

அப்புறம், ஓடுகிற பைபாப் கரண்ட் போய் நின்றுவிட்டால் மாஸ்க்கை உடனே கழற்றுங்கள். மெஷின் நின்ற பிறகு அந்த மாஸ்க்குக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். அவரால் தானாகக் கழற்ற முடியாது என்றால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தூங்கவைக்கவே கூடாது.

பொன்னமராவதி மருமகள் · சனி, மதியம் 2.30

எங்கள் அயித்தைக்கும் இதே வியாதி. அவர்கள் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. “சிகரெட் பிடிக்காதவருக்கு எப்படி சிஓபிடி” என்று சொந்தக்காரர்கள் என்னிடமே கேட்டார்கள். நாற்பது வருடம் விறகடுப்பு. பெரிய வீட்டில் இருபது இலைக்குச் சமைத்தது, விசேஷம் என்றால் நாள் கணக்கில் பலகாரச் சட்டி முன்னால் உட்கார்ந்தது. வெகுகாலம் ஆஸ்துமா என்றே சொல்லிப் பச்சை பம்ப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பெரிய எதிரி எது என்றால், தாளிக்கிற நெடி. வரமிளகாய் எண்ணெயில் விழுந்தால் அயித்தைக்கு அடுத்த பத்து நிமிடம் பேச்சு வராது. சமையலைப் பின்கட்டுக்கு மாற்றினோம். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் போயாயிற்று. சாம்பிராணியை நிறுத்தத்தான் பெரிய சண்டை நடந்தது. அது தனிக்கதை.

புதுவயல் மில்காரர் · சனி, மதியம் 3.05

அரைவை மில் தூசியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மில்லில் இருந்த மூத்தவர்களில் இருமாதவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வளவுவீட்டு மகள் · சனி, இரவு 8.40

டாக்டரிடம் பேசினேன். சிஸ்டர் சொன்னதையே சொன்னார், கொஞ்சம் திட்டோடு. திங்கட்கிழமை ரத்தவாயு சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். தம்பியையும் கான்ஃபரன்ஸ் காலில் போட்டேன், இப்போது அமைதி.

வேறொரு பிரச்சினை. எங்கள் வீடு முன்தெருவிலிருந்து பின்தெரு வரை. அப்பச்சி படுத்திருப்பது வளவை ஒட்டி, கழிவறை பின்கட்டில். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய்த் திரும்பினால் 79, 80 காட்டுகிறது. வந்து உட்கார்ந்ததும் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். அதில் சாய்ந்தால் மூச்சு இன்னும் மோசம். கமோடு நாற்காலி வாங்கினேன், தொட மாட்டேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், காரைக்குடி · சனி, இரவு 9.25

குழாயைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பதா! ஆச்சி, ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிற நேரமே நடக்கிற நேரம்தான். மருந்துக் கடையில் நீளக் குழாயும் இணைப்பும் கிடைக்கும். மொத்தம் 15 மீட்டர் வரை போட்டாலும் பெரும்பாலும் குறையாமல் வரும், டெக்னீஷியன் தம்பி சொன்ன தண்ணீர் டம்ளர் சோதனையை அந்த முனையில் செய்து பாருங்கள். அதற்கும் மேல் தூரம் என்றால் சிறு சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூடப் போங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் குழாய் வழுக்கிக் காலில் சுற்றும். சுவரோரமாக ஓட்டுங்கள். நடக்கும்போது லிட்டரை எவ்வளவு வைப்பது என்று திங்கட்கிழமை டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓய்வுக்கு ஒன்று, நடைக்கு ஒன்று கொடுப்பது உண்டு.

கமோடுக்கு ஆண்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். அதிகாலையும் ராத்திரியும் மட்டும் என்று பேரம் பேசுங்கள். பகலில் நடக்கட்டும், நடையை நிறுத்தினால் தொடைச் சதை கரைந்து இன்னும் மூச்சு வாங்கும். நடுவில் இரண்டு இடத்தில் நாற்காலி போடுங்கள். முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே மூச்சைப் பிடுங்கும், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வு நாற்காலியை மச்சுக்கு ஏற்றிவிடுங்கள். அதில் உடம்பு மடிந்து வயிறு மேலே ஏறி உதரவிதானத்தை அழுத்தும். மூச்சு முட்டும்போது முன்னால் குனிய வேண்டும். நிமிர்ந்த நாற்காலி, முன்னால் மேசை, அதன்மேல் இரண்டு தலையணை, முழங்கைகளை அதில் ஊன்றித் தோளைத் தளர்த்தி விடச் சொல்லுங்கள். கை ஊன்றியதும் கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ ஆரம்பிக்கும். மூக்கால் இழுத்து, சுடுபாலை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடட்டும். இழுக்க இரண்டு எண்ணிக்கை என்றால் விட நான்கு. “மூச்சை நல்லா இழுங்கப்பா” என்று நாம் கத்துவோம் பாருங்கள், அது தவறு. அவருக்கு உள்ளே ஏற்கெனவே காற்று அடைத்து நிற்கிறது. விடச் சொல்லுங்கள்.

கடைசியாக, பனையோலை விசிறி. சிரிக்காதீர்கள். முகத்தில், கன்னத்திலும் மூக்கிலும் படுகிற மாதிரி காற்று வீசினால் மூச்சுத்திணறல் உணர்வு குறைகிறது என்று ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். மீட்டரில் எண் மாறாது, ஆள் முகம் மாறும்.

வளவுவீட்டு மகள் · ஞாயிறு, காலை 11.15

மேசை தேடப்போய் அப்பச்சி முன்பு கணக்கு எழுதும் மரப்பெட்டி மச்சில் கிடைத்தது. சாய்வான மூடி போட்டது. துடைத்து, ஸ்டூல்மேல் வைத்து, முன்னால் நாற்காலி போட்டோம். பார்த்ததும் கேட்காமலே போய் உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக்கொண்டார். “ரொக்கம் எவ்வளவு இருக்கு” என்று என்னைக் கேட்டார். மூன்று வாரத்தில் முதல் கேலி.

மீட்டர் சில நேரம் 78 காட்டிவிட்டு உடனே 90 என்கிறது. எதை நம்ப?

செவிலியர் ஆசிரியர், சிவகங்கை · ஞாயிறு, மதியம் 12.20

விரல் சில்லிட்டிருந்தால் அப்படி ஆடும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டி, ஒரு நிமிடம் காத்திருந்து, நிலைத்து நிற்கிற எண்ணை எழுதுங்கள். மீட்டர் காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போகவில்லை என்றால் அந்த எண் குப்பை. நகச்சாயமும் மருதாணியும் குழப்பும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அதனால்தான் சிஸ்டர் ஆளைப் பார் என்கிறார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். காலை, மாலை, எண், மூச்சு எண்ணிக்கை, சளியின் நிறம், எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசினார். அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. நேற்று வாக்கியம் பேசியவர் இன்று மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ திரும்பி அளவும் கூடினால், அன்றே டாக்டர். மூச்சு 30-ஐத் தாண்டினால், சொன்ன லிட்டரில் இருந்தும் 88-க்கு ஏறாமலே நின்றால், உதடு நீலம் பாய்ந்தால், தூங்கி வழிந்தால் நோட்டை மூடிவிட்டு 108.

நெபுலைசரை ஆக்சிஜனில் இணைத்து ஓட்டாதீர்கள், இவர்களுக்கு அந்தப் பத்து நிமிடமே அதிகமாகிவிடும். காற்றுக் கம்ப்ரெசரில் ஓடட்டும், மூக்கில் 2 லிட்டர் பாட்டுக்கு இருக்கட்டும். ஸ்டீராய்டு மருந்து இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லை என்றால் நாக்கில் வெள்ளை படியும்.

பொன்னமராவதி மருமகள் · ஞாயிறு, மதியம் 1.00

பைபாப் மாஸ்க்கால் அயித்தைக்கு மூக்குத் தண்டில் புண் வந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது? வாசலின் தடவினேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், காரைக்குடி · ஞாயிறு, மதியம் 1.35

வாசலின் வேண்டாம். மூக்கில் ஆக்சிஜன் போகிற இடத்தில் எண்ணெய்ப்பசை எதுவும் கூடாது, தைலமும் கூடாது. தண்ணீர்ச் சேர்மானமுள்ள ஜெல் கேட்டு வாங்குங்கள். புண்ணுக்கு மாஸ்க்கின் வாரை அளவுக்கு மீறி இறுக்குவதுதான் காரணம். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை, கண்ணுக்குள் அடித்தால்தான் சரிசெய்ய வேண்டும். சிவக்க ஆரம்பித்ததுமே மூக்குத் தண்டில் ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்கும் ஒட்டுப் பட்டை) துண்டு ஒன்று ஒட்டுங்கள். தோல் உரிந்த பிறகு ஆறுவதற்கு நாள் ஆகும்.

சாப்பிட்ட கையோடு பைபாப் மாட்டாதீர்கள். வாந்தி வந்தால் மாஸ்க்குக்குள்ளேயே வந்து நுரையீரலில் இறங்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வளவுவீட்டு மகள் · ஞாயிறு, மதியம் 2.10

சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். இரண்டு வாய் தின்றால் மூச்சு வாங்கி வைத்துவிடுகிறார். ஆறு கிலோ குறைந்துவிட்டது.

பொன்னமராவதி மருமகள் · ஞாயிறு, மதியம் 2.30

இதற்கு நான் சொல்வேன். மூன்று வேளையை ஆறாக்குங்கள். மூக்குக்குழாய் மூக்கிலேயே இருக்கட்டும், அதோடு சாப்பிடலாம். வயிறு முட்டினால் மூச்சு முட்டும். இடியாப்பம், குழைந்த சாதம், முட்டை. சர்க்கரை நோய் இல்லை என்றால் கும்மாயம் அருமை: உளுந்து, வெல்லம், நெய், மெல்லவே வேண்டாம், ஒரு கரண்டியிலேயே தெம்பு. ஸ்டீராய்டு மாத்திரை ஓடினால் சர்க்கரையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வளவுவீட்டு மகள் · திங்கள், இரவு 9.00

ரத்தவாயு பார்த்தார்கள். கரியமில வாயு இன்னும் கூடுதல்தான், ஆனால் டிஸ்சார்ஜ் அன்று இருந்ததைவிட மோசமில்லை. ஓய்வில் 1.5, நடக்கும்போது 2 என்று எழுதிக்கொடுத்தார். ஆக்சிஜன் ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாதாம்.

இப்போது வேறு கவலை. பிள்ளையார் நோன்பு நடக்கிறது. இன்னும் சில நாளில் இழை. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அப்பச்சிதான், எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுப்பது அவர். வெளியூர் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 21 நூல் இழையைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது. இந்த வருடமும் நான்தான் கொடுப்பேன், நானும் எடுப்பேன் என்கிறார்.

காரைக்குடி டெக்னீஷியன் · திங்கள், இரவு 9.04

ஐயோ, வேண்டாம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், காரைக்குடி · திங்கள், இரவு 9.50

ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிகிறதைக் கொளுந்துவிட்டு எரியவைக்கும். மீசையிலும் சட்டையிலும் போர்வையிலும் அது தங்கியிருக்கும். குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டால் மெத்தையே ஊறிப்போய்க் கிடக்கும், கழற்றினால் மெஷினையும் அணைக்க வேண்டும். மூக்கில் குழாயோடு பீடி பற்றவைத்து முகம் வெந்தவரை என் கையால் டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். மெஷின் ஓடும்போது எந்தச் சுடரும் மூன்று மீட்டருக்குள் வரக் கூடாது. சாமி விளக்கும் சுடர்தான்.

அணைத்துவிட்டு, வேறு சட்டை மாற்றி, 20 நிமிடமாவது காற்றோட்டமாக உட்கார்ந்த பிறகு வேண்டுமானால் சுடர் பக்கம் போகலாம். அந்த 20 நிமிடம் அவர் ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவாரா? நடந்தாலே 79 போகிறவர். என் யோசனை, அவர் தூரத்தில் நாற்காலியில் இருக்கட்டும், உங்கள் சித்தப்பாவோ யாரோ அவர் பார்வையில் எடுத்துக் கொடுக்கட்டும், அவருக்கு மட்டும் ஏற்றாத மாவு. முறையில் இது சரியா என்று சொல்ல நான் ஆளில்லை. பெரியவர்களைக் கேளுங்கள்.

பள்ளத்தூர் மகன் · திங்கள், இரவு 11.40

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அப்பச்சி இதே வியாதியில் இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டிலேயே போனார். கடைசி ஆறு மாதம் மெஷினை ஏற்றுவதா இறக்குவதா என்பதிலேயே எங்கள் கவனம் போய்விட்டது. அவருக்கு மூச்சைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ராத்திரி ஆள் எழுந்து போனால் கையைப் பிடித்துக்கொள்வார். அரசு ஆஸ்பத்திரியில் ஆதரவு சிகிச்சை (தீராத நோயில் அவதியைத் தணிக்கும் சிகிச்சை) பிரிவு டாக்டர் மிகக் குறைந்த அளவு மார்ஃபின் எழுதிக்கொடுத்தார். மார்ஃபின் என்றதும் வீட்டில் எல்லோரும் கதி கலங்கினோம். அந்த அளவில் அது கொல்லவில்லை, திணறலைத்தான் தணித்தது. மலச்சிக்கலுக்குச் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். நாமாக வாங்கிக் கொடுக்கிற மருந்து இல்லை இது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தால் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், பிசியோதெரபிக்கும் வந்தார்கள். மறுபடி ஐசியூ, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அப்பச்சி தெளிவாக இருக்கும்போது அவரிடமே கேட்டுவையுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் வைத்து நானும் அண்ணனும் சண்டை போட்டோம்.

வளவுவீட்டு மகள் · செவ்வாய், காலை 7.10

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. கேட்கிறேன். இன்று இல்லை, இழை முடியட்டும்.

வளவுவீட்டு மகள் · வியாழன், இரவு 8.15

இன்று காலை 9-க்குக் கரண்டை நிறுத்தினார்கள். பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்து முந்தின நாளே சிலிண்டரைத் திறந்து பார்த்துவைத்தோம். மாலை 5.20 வரை 1.5-ல் ஓடியது, மீட்டர் 90, மூச்சு 22. தம்பி மூன்று முறை கூப்பிட்டான், மூன்று முறையும் எண்ணைக் கேட்கவில்லை, “அப்பச்சி என்ன பேசினாங்க” என்று கேட்டான்.

இழைக்கு அப்பச்சி பாதி ஒத்துக்கொண்டார். சித்தப்பா எடுத்துக் கொடுப்பது, இவர் கணக்குப்பெட்டி முன்னால் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. ஏற்றாத மாவுக்கு மட்டும் இன்னும் பேரம் நடக்கிறது.

காரைக்குடி டெக்னீஷியன் · வியாழன், இரவு 8.40

எல்லாம் சரி. சிலிண்டர் சாவி எங்கே இருக்கிறது?

வளவுவீட்டு மகள் · வியாழன், இரவு 8.43

வளவுக் கதவின் ஒரு முழச் சாவி தொங்குகிற ஆணியில், சிவப்புக் கயிற்றில். அப்பச்சி படுக்கையிலிருந்தே பார்க்கலாம்.